கல்லாய்ப் போன கால்

மாமல்லபுரத்தில் பொழுது விடிந்ததும் காதில் விழுவது இரண்டு சத்தம். ஒன்று அலைச் சத்தம். மற்றது உளிச் சத்தம்.

என் பெரியப்பா உளிச் சத்தத்துக்குச் சொந்தக்காரர். பட்டறையில் சாக்கை விரித்து உட்காருவார். வலது காலை மடக்கிக்கொள்வார். இடது காலை நீட்டி, பாதத்தால் கல்லை அணைத்துக்கொள்வார். கல் அசையாது. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கால்தான் அவருக்கு இடுக்கி.

அந்த இடது கால்தான் ஒரு நாள் காலையில் விழுந்தது.

பல் துலக்கிக்கொண்டிருந்தார். செம்பு கையை விட்டு நழுவியது. இடது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியது. கால் மடங்கித் தரையில் சாய்ந்தார்.

பக்கவாதம்! பாரிச வாயு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர் அவர். "தலை சுத்தல் நின்னு போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று தாமே நிறுத்தியிருந்தார். எத்தனை வீடுகளில் நடக்கிற கதை இது!

108 வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். உயிர் பிழைத்தார். பேச்சும் தப்பியது. பக்கவாதம் வந்த நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் இரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து உண்டு என்பதை இன்று பலரும் அறிவார்கள். அதை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

"கால் வந்துடுச்சு!"

வீட்டுக்கு வந்த புதிதில் பெரியப்பாவின் கால் வாழைத்தண்டு போலத் துவண்டு கிடந்தது. தூக்கினால் தூக்கிய பக்கம் போகும். விட்டால் விழும்.

ஆறாவது வாரம் ஒரு மாறுதல். கால் முறுக்கேறியது. மடக்கப் பார்த்தால் மடங்கவில்லை. "கால் வந்துடுச்சு! பலம் வந்துடுச்சு!" என்று பெரியம்மா பூரித்துப் போனார். அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்.

பலம் வரவில்லை. வந்தது விறைப்பு.

நாளாக நாளாக முழங்கால் குச்சி போல நீண்டு நின்றது. பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து உட்பக்கம் திரும்பியது. விரல்கள் சுருண்டன. செருப்பு நுழையவில்லை. இரவில் கால் தானாக உதறும். பாதத்தை யாராவது சட்டென்று தூக்கினால் தையல் மெஷின் மிதிபலகை போலத் தடதடவென்று ஆடும்.

"கல்லைச் செதுக்கினேன். இப்ப என் காலே கல்லாப் போச்சு தம்பி" என்றார் பெரியப்பா என்னிடம்.

இது அவருக்கு மட்டும் வந்தது அல்ல. பக்கவாதம் வந்து பிழைப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் கூடுதலானவர்களுக்கு, கையிலோ காலிலோ இந்த விறைப்பு வருகிறது. வாரங்களில் வரும். மாதங்களிலும் வரும்.

மூளையில் அடி, காலில் விறைப்பு ஏன்?

காலில் காயம் இல்லை. எலும்பு முறியவில்லை. பின் ஏன் கால் விறைக்கிறது?

டாக்டர்கள் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கால் டக்கென்று உதைக்கும். நாமா உதைத்தோம்? இல்லை. தட்டியதும் தசை இழுபடுகிறது. அந்தச் செய்தி நரம்பு வழியே முதுகுத் தண்டுக்கு ஓடுகிறது. முதுகுத் தண்டு உடனே, "சுருங்கு!" என்று தசைக்குக் கட்டளை இடுகிறது. மூளையைக் கேட்பதே இல்லை.

முதுகுத் தண்டின் இந்த அவசரத்தை மூளை எந்நேரமும் அடக்கி வைத்திருக்கிறது. பக்கவாதத்தில் மூளையிலிருந்து வரும் கம்பிகள் அறுந்து போகின்றன. அடக்குவதற்கு ஆள் இல்லை. பெரியவர் வெளியூர் போன வீட்டில் பிள்ளைகள் போடும் ஆட்டம்தான் பிறகு காலில் நடப்பது! தசை லேசாக இழுபட்டாலும் முதுகுத் தண்டு "சுருங்கு, சுருங்கு" என்று கத்துகிறது.

உடல் தசைகளை இழுத்தால் அவை எப்படி எதிர்த்து இழுக்கின்றன என்பதை இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ஷெரிங்டன் ஆராய்ந்தார். நரம்பு ஆராய்ச்சிக்காக 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் வீட்டில் உள்ளவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வேகமாக இழுத்தால் கால் அதிகமாக விறைக்கும். மெதுவாக இழுத்தால் இளகும். மிரண்ட மாட்டைக் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு முரண்டு பிடிக்கும். தடவிக்கொடுத்து இழுத்தால் பின்னாலேயே வரும். விறைத்த காலும் அப்படித்தான்.

இது தெரியாமல், என் பெரியப்பா மகன் தினமும் காலையில் அவர் காலைப் பிடித்துப் பலமாக மடக்குவான். அப்பா கத்துவார். மகன் வியர்த்துப் போவான். இருவருக்கும் சண்டைதான் மிச்சம்.

மணலில் அரைவட்டம்

கடற்கரை மணலில் பெரியப்பாவைப் பிடித்து நடக்க வைத்தபோது ஒன்றைக் கவனித்தேன். வலது கால் சுவடு ஒழுங்காக விழுந்தது. இடது கால் சுவடாக விழவில்லை. மணலில் அரைவட்டமாகக் கோடு கிழித்தது.

முழங்கால் மடங்காத கால் நீளமான காலுக்குச் சமம். பாதமும் கீழ்நோக்கி நிற்கிறது. நேராக முன்னே வீசினால் விரல் நுனி தரையில் இடிக்கும். ஆகவே இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாகச் சுழற்றி வைக்கிறார்கள். தெருவில் இப்படி நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே! அது பழக்கம் அல்ல. விறைப்பும் பலவீனமும் சேர்ந்து செய்யும் வேலை. இதில் களைப்பு அதிகம். தடுக்கி விழும் ஆபத்தும் அதிகம்.

புறா இரத்தம்

ஊர் என்றால் வைத்தியம் சொல்ல ஆள் இருக்காதா? புறா இரத்தத்தைச் சூடாகக் காலில் தடவச் சொன்னார் ஒருவர். தமிழ்நாட்டில் பல இடங்களில் இந்த நம்பிக்கை உண்டு. இரண்டு புறாக்கள் செத்தன. கால் அப்படியே இருந்தது. தோலில் தடவும் இரத்தம் மூளையில் அறுந்த கம்பியைச் சேர்க்க முடியாது.

வாதநாராயணன் இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். ஒத்தடம் இதமாக இருக்கும். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பக்கவாதம் வந்த காலில் பல பேருக்குச் சூடு உறைக்காது. பெரியப்பாவுக்கும் உறைக்கவில்லை. பெரியம்மா பிரியமாகத்தான் ஒத்தடம் கொடுத்தார். சாயங்காலம் பார்த்தால் கணுக்காலில் கொப்புளம்! அது ஆற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் விறைப்பு இரண்டு மடங்கு.

புண்ணுக்கும் விறைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறையச் சம்பந்தம் உண்டு. உடம்பில் எங்கே தொந்தரவு இருந்தாலும் அந்தச் செய்தியும் முதுகுத் தண்டுக்குத்தான் போகிறது. அடக்க ஆள் இல்லாத முதுகுத் தண்டு காலை இன்னும் விறைக்க வைக்கிறது. மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுக்கமான செருப்பு, குளிர், கவலை எல்லாமே விறைப்பைக் கூட்டும். நேற்று வரை சுமாராக இருந்த கால் இன்று திடீரென்று அதிகமாக விறைத்தால், முதலில் இவற்றில் எது என்று தேடுங்கள். பல சமயம் மலச்சிக்கலுக்கு வைத்தியம் செய்தாலே கால் இளகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அது விறைப்பு அல்ல. இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது எண்ணெய் தேய்க்கக் கூடாது. அமுக்கிவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

"உங்களுக்கு என்ன வேணும் ஐயா?"

ஏழு மாதம் இப்படியே போயிற்று. "ஆறு மாசம் தாண்டிட்டா இனி ஒண்ணும் ஆகாது" என்று யாரோ சொன்னதை வீடு முழுதும் நம்பியது. அது தவறு. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகு கதவு அடைத்துப் போவதில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது அதில் ஒரு பகுதி. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி, அதாவது இயன்முறை சிகிச்சை அளிப்பது இன்னொரு பகுதி. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. மாத்திரை கொண்டுவந்த பெண் பெரியப்பாவின் காலைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னார். ஒரு வாரத்தில் பிசியோதெரபிஸ்ட் வந்தார். இருபத்தைந்து வயதுப் பெண்.

வந்தவர் காலைத் தொடவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும் ஐயா? கால் மடங்கணுமா, நடக்கணுமா?"

பெரியப்பா யோசிக்கவே இல்லை. "கல்லு முன்னாடி உட்காரணும்மா" என்றார்.

ஏழு மாதத்தில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி அது. நானும் கேட்கவில்லை.

பிறகுதான் அந்தப் பெண் காலைப் பிடித்தார். மெதுவாக அசைத்தார், கொஞ்சம் வேகமாகவும் அசைத்துப் பார்த்தார். விறைப்புக்கு மதிப்பெண் உண்டு. ஆஷ்வொர்த் என்ற டாக்டர் 1964-இல் வகுத்த முறை. பூஜ்யம் என்றால் விறைப்பே இல்லை. 4 என்றால் அசைக்கவே முடியாது. குறைந்த மதிப்பெண் வாங்குகிறவர் தேறுகிற பரீட்சை இது! பெரியப்பாவின் கணுக்காலுக்கு 3 கிடைத்தது.

விறைப்பு இரண்டு வகை

அந்தப் பெண் விளக்கியதை அப்படியே தருகிறேன். விறைத்த காலில் இரண்டு சங்கதி கலந்திருக்கும். ஒன்று, நரம்பு செய்யும் விறைப்பு. தூங்கும்போது இது குறையும். மெதுவாக இழுத்தால் இளகும். மருந்து இதைக் கேட்கும்.

இன்னொன்று, தசையே குட்டையாகிப் போவது. பாதம் மாதக்கணக்கில் கீழ்நோக்கியே இருந்தால் கெண்டைச் சதையும் குதிகால் நரம்பும் (ஊரில் நரம்பு என்கிறோம், உண்மையில் அது தசைநாண்) அந்த அளவுக்கே சுருங்கிவிடும். இது தூக்கத்திலும் இளகாது. மாத்திரையும் பயன்படாது. கட்டுப்போட்டு, காலிப்பர் போட்டு, முடியாவிட்டால் ஆபரேஷன் செய்துதான் சரிசெய்ய வேண்டும்.

முதலாவதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டாவது வந்து சேரும். ஏழு மாதத்தில் பெரியப்பாவின் காலில் முக்கால் பங்கு முதலாவது. கால் பங்கு இரண்டாவது. "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும்" என்றார் அந்தப் பெண்.

வீட்டில் செய்ய வேண்டியது

பாதத்தை நீட்டிவிடும் முறையைப் பெரியம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். குதிகாலை நம் உள்ளங்கையில் ஏந்த வேண்டும். நம் முன்கை அவர் உள்ளங்காலோடு ஒட்டியிருக்க வேண்டும். அவர் முழங்காலை நீட்டிய நிலையில், குதிகாலைக் கீழே இழுத்தபடி, முன்கையால் பாதத்தை அவர் முகத்தை நோக்கி மெதுவாகச் சாய்க்க வேண்டும். எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி, அங்கேயே பிடித்துக்கொண்டு, முப்பது எண்ண வேண்டும். பிறகு மெதுவாக விட வேண்டும். விரல்களை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது. வெடுக்கென்று இழுக்கவே கூடாது.

நீட்டிவிட்டால் மட்டும் போதுமா? போதாது! பல பேர் தவறு செய்யும் இடம் இதுதான். காலை நாம் நீட்டிவிடுகிறோம். நோயாளி சும்மா படுத்திருக்கிறார். அதனால் பெரிய பலன் இல்லை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கால் இளகியிருக்கும் நேரத்தில் அந்தக் காலை வேலை வாங்க வேண்டும். மேஜையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகாலும் தரையில் படிய நிற்க வேண்டும். உடம்பின் பாரமே கெண்டைச் சதையை நீட்டிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், உட்கார வேண்டும், மறுபடி எழ வேண்டும். எழும்போது நல்ல காலிலேயே பாரம் போடாமல் விறைத்த காலிலும் போட வேண்டும்.

பெரியப்பா ஒரு நாளைக்கு ஐம்பது தடவை எழுந்து உட்கார்ந்தார். முதல் வாரம் இரண்டு பேர் பிடித்தார்கள். மூன்றாவது வாரம் பெரியம்மா மட்டும் பிடித்தார். எண்ணுவது பேத்தியின் வேலை. அவள் நாற்பத்தைந்தைத் தாண்டும்போதெல்லாம் கணக்கை விட்டுவிட்டு மறுபடி நாற்பதிலிருந்து ஆரம்பிப்பாள்!

படுக்கையிலும் கவனம் வேண்டும். கனமான போர்வை பாதத்தைக் கீழே அழுத்தும். முழங்காலுக்கு அடியில் எந்நேரமும் தலையணை வைத்தால் முழங்கால் மடங்கிய நிலையில் சுருங்கிவிடும்.

இதையெல்லாம் வீட்டாரே பார்த்துக்கொள்ளலாமே, பிசியோதெரபிஸ்ட் எதற்கு என்று தோன்றலாம். இந்தியாவிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 14 ஆஸ்பத்திரிகள், 1250 நோயாளிகள். அவர்களில் பாதிப் பேருடைய குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2017-இல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பத்து நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை! குடும்பத்தின் அன்பு வேண்டும். ஆனால் குடும்பத்தின் தலையில் மட்டும் இந்தப் பாரத்தைப் போட முடியாது. தெரிந்தவர் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும், திருத்த வேண்டும், பயிற்சியைக் கூட்ட வேண்டும்.

மாத்திரையும் ஊசியும்

பாக்லோஃபென் என்ற மாத்திரையை 1962-இல் சுவிட்சர்லாந்தில் தயாரித்தார்கள். காக்காய் வலிப்புக்கு என்று தயாரித்தது. வலிப்புக்குச் சரிப்படவில்லை. தசை விறைப்பைத் தளர்த்தியது! டிசானிடின் என்று இன்னொரு மாத்திரையும் இருக்கிறது. இரண்டுமே தூக்கத்தையும் சோர்வையும் கொடுக்கும். விறைத்த தசையோடு நல்ல தசையும் தளரும். பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை அல்ல இது.

ஊசியின் கதை இன்னும் விசித்திரம். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் கெட்டுப்போன மாமிசப் பண்டத்தைத் தின்றவர்கள் கை கால் செயலிழந்து செத்தார்கள். கெர்னர் என்ற டாக்டர் அந்த விஷத்தை ஆராய்ந்தார். இது தசையைத் தளர்த்துகிறது, என்றாவது மருந்தாகும் என்று 1820-களிலேயே ஊகித்தார். அந்த விஷம்தான் போட்டுலினம். அமெரிக்காவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர் மிக மிகச் சிறிய அளவில் அதை மாறுகண்ணுக்குப் போட்டுப் பார்த்தார். 1989-இல் அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. பெரியவர்களின் கால் விறைப்புக்கு அங்கே 2016-இல் அனுமதி கிடைத்தது. விஷமும் அளவோடு போனால் வைத்தியம்!

எந்தத் தசை அதிகமாக இழுக்கிறதோ அந்தத் தசையில் மட்டும் ஊசியைப் போடுகிறார்கள். சில நாட்களில் தசை தளரும். சுமார் மூன்று மாதம் பலன் இருக்கும். பிறகு மெல்ல விறைப்பு திரும்பும். அந்த மூன்று மாதத்துக்குள் எவ்வளவு பயிற்சி செய்கிறோமோ அவ்வளவு லாபம். ஊசியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தால் பணம்தான் நஷ்டம். விலை அதிகமான மருந்து இது. ஃபீனால் என்ற மலிவான மருந்தை நரம்பின் அருகே செலுத்தும் முறையும் உண்டு. எது பொருந்தும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

விறைப்பே ஊன்றுகோல்!

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கே இது வியப்பாக இருந்தது. விறைப்பை முழுக்கப் போக்கிவிடக் கூடாது!

பலமில்லாத கால் உடம்பைத் தாங்காது. முழங்கால் மடங்கி ஆள் விழுந்துவிடுவார். விறைத்து நீண்டிருப்பதால்தான் பலர் எழுந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு விறைப்பே ஊன்றுகோல். மாத்திரையைக் கூட்டி விறைப்பை அடியோடு எடுத்துவிட்டால், நேற்று நின்றவர் இன்று உட்கார்ந்துவிடுவார். ஆகவே நல்ல டாக்டர் முழங்காலை விட்டுவைத்து, கணுக்காலை மட்டும் தளர்த்துவார். கால் பஞ்சு போல ஆக வேண்டும் என்று டாக்டரை நச்சரிக்காதீர்கள். அந்தக் கால் என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

செங்கற்பட்டில் ஒரு கைகுலுக்கல்

தசைகளின் இழுபறியைப் பற்றி உலகுக்குப் பாடம் சொன்ன இடம் ஒன்று நம் செங்கற்பட்டிலேயே இருக்கிறது. அது பக்கவாத ஆஸ்பத்திரி அல்ல. திருமணியில் உள்ள தொழுநோய் ஆஸ்பத்திரி. அந்நாளில் லேடி வில்லிங்டன் பெயரில் இருந்தது. 1955-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று.

1947-இல் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற எலும்பு டாக்டர் அங்கே வந்தார். ஒரு நோயாளியின் விரல்கள் நகம் போல் வளைந்து கிடந்தன. செத்த கை என்று நினைத்து, "என் கையை அழுத்து" என்றார் டாக்டர். நோயாளி அழுத்தினார். டாக்டர் வலியால் துடித்துவிட்டார்! அவ்வளவு பலம்! சில தசைகள் செயலிழந்திருந்தன. சில தசைகள் முழு பலத்தோடு இருந்தன. பலமான தசை ஒரு பக்கமே இழுத்ததால்தான் விரல்கள் வளைந்தன. பலமான தசையின் நாணைப் பிரித்து, பலமில்லாத பக்கத்தில் தைத்தால் கை நிமிருமே! வேலூரில் அந்த ஆபரேஷனைச் செய்து காட்டினார். தொங்கும் பாதத்துக்கும் இதே முறை வந்தது.

தொழுநோய் வேறு, பக்கவாதம் வேறு. முன்னதில் வெளி நரம்பு கெடுகிறது. பின்னதில் மூளை. ஆனால் உட்பக்கம் திரும்பிய பக்கவாதப் பாதத்துக்கும் நாணில் பாதியைப் பிரித்து வெளிப்பக்கம் தைக்கும் ஆபரேஷன் உண்டு. குட்டையான குதிகால் நாணை நீளமாக்கும் ஆபரேஷனும் உண்டு. மற்ற வைத்தியங்கள் கைவிட்ட பிறகே இவற்றுக்குப் போவார்கள்.

முட்டுக்காட்டில் காலிப்பர்

பெரியப்பாவுக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். 1965-இல் தொடங்கிய கல்லூரி அது. கெண்டைச் சதையில் ஊசி போட்டார்கள். ஒன்பதாம் நாள் பெரியம்மா பாதத்தைப் பிடித்தபோது, "இன்னிக்கு எங்கிட்ட சண்டைக்கு வரலையே!" என்றார் காலைப் பார்த்து.

பிறகு முட்டுக்காடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிலையம் இருக்கிறது. 2005-இல் ஏற்பட்டது. எத்தனை தடவை பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம்! உள்ளே செயற்கைக் கால், காலிப்பர் எல்லாம் அளவெடுத்துச் செய்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. பெரியப்பாவுக்குப் பிளாஸ்டிக் காலிப்பர் ஒன்று கொடுத்தார்கள். கெண்டைக்காலின் பின்புறமாக வந்து பாதத்தைத் தாங்கும். மேலே செருப்பு மாட்டிக்கொள்ளலாம். பாதம் கீழே சாயாது. மணலில் அரைவட்டம் பாதியாகக் குறைந்தது.

காலிப்பர் போட்ட முதல் வாரம் தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சிவந்த தழும்பு அரை மணியில் மறையாவிட்டால் எங்கோ அழுத்துகிறது என்று அர்த்தம். உணர்ச்சி குறைந்த காலில் புண் வருவது தெரியாது. ஒத்தடத்தில் பட்ட பாடு போதாதா? பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் பார்த்தார்.

பழையபடி தரையில் காலை மடக்கி உட்கார அவரால் முடியவில்லை. முடியும் என்றும் யாரும் சொல்லவில்லை. மகன் ஒன்றரை அடி உயரத்தில் மர முக்காலி ஒன்று செய்தான். கல்லை மேடையில் ஏற்றி வைத்தான். காலுக்குப் பதிலாக மணல் மூட்டை கல்லை அணைத்துக்கொண்டது. இடது கை பாதிதான் திரும்பியிருக்கிறது. உளியைப் பிடிக்கும், விடுவதற்கு வலது கையால் விரல்களைப் பிரிக்க வேண்டும். பெரிய சிலைகளை மகன் செய்கிறான். பெரியப்பா சின்ன விநாயகர்களுக்குக் கண் திறக்கிறார், மெருகு போடுகிறார். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். இரத்தக் கொதிப்பு மாத்திரையை இப்போது பேத்தி எண்ணிக் கொடுக்கிறாள்.

ஊசி போட்டு நாலு மாதம் ஆகிறது. பத்து நாளாக மறுபடி விரல்கள் சுருள ஆரம்பித்திருக்கின்றன. வரும் வியாழக்கிழமை செங்கற்பட்டுக்குப் போகிறோம். ஆட்டோ வேண்டாமாம். பஸ்ஸில்தான் வருவாராம். படி ஏறிக் காட்டுகிறேன் என்று அடம் பிடிக்கிறார்.